தொண்டைக் காற்று

முள்ளோடை உப்பளங்களில் காற்று நின்றுபோன வருஷத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், சந்தனமாரிக்குக் குரல் போன வருஷம்தானே என்று ஊர்க்காரர்கள் உடனே திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாசி மாதத்தில் ஒன்றையொன்று ஒட்டி நடந்தன, எது முந்தி எது பிந்தி என்பதில்தான் இன்றைக்கும் டீக்கடையில் சண்டை வருகிறது.

சந்தனமாரிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியது, கஞ்சியும் மாத்திரையுமாகச் சுருண்டு கிடந்து ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, அளத்துக்குப் போகிற புருஷன் பலவேசத்தைச் சாப்பிடக் கூப்பிடுவதற்காக வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்று வந்தது. அடுப்பு அணைந்தது, கொடியில் கிடந்த சேலை எழும்பி நின்றது, வாசல் முருங்கை பூவையெல்லாம் உதிர்த்தது, பலவேசம் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மழையெல்லாம் வராது என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தான். அவளுடைய பேச்சு அந்தக் காற்றுக்குள் எங்கேயோ மெல்லிசாக, உமிக்குள் கிடக்கிற அரிசி மாதிரி கிடந்தது, காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் எடுக்கலாம்.

இரண்டு வார்த்தை பேசினாலே அவளுக்கு மூச்சு தீர்ந்துவிடும். தண்ணீர் குடித்தால் போகக்கூடாத பக்கம் போய்ப் புரைக்கேறும், இருமினால் இருமலிலும் பலம் இருக்காது. ராத்திரிகளில் தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. முதலில் இருந்து கடைசி வரை இந்தக் கதையில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தைரியசாலிகளின் கதை கேட்க வந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு ஆறுமுகக்கனி துவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்து, "மைனி, பிள்ளைக்கு யூனிபாரம் காயல, ஒங்க அம்மா வீட்டப் பத்தி எதாச்சும் சொல்லுங்களேன்" என்று கொடியைக் கட்டினாள். அடுத்த நாள் உளுந்து புடைக்கிறவர்கள் முறத்தோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் கருவாடு காயப்போடுகிறவர்கள் வந்தபோது, நாற்றம் தாங்காமல், துணிக்காரர்கள் காலையிலும் கருவாட்டுக்காரர்கள் சாயங்காலமும் வருவது என்று அவர்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சந்தனமாரியை யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் போகும்போது நல்லா இருக்கணும் மைனி என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பலவேசம் அவளைத் தூத்துக்குடிக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் கிறிஸ்டில்டா மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, ஈ என்று சொல்லச் சொன்னார். மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. டாக்டர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார், மறுபடி பறந்தது, பிறகு காகிதங்களின்மேல் கனத்த புத்தகம் ஒன்றை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

"தொண்டைக்குள்ள குரல் நாண் ரெண்டு இருக்கும்மா. பேசும்போது ரெண்டும் நடுவுல வந்து ஒட்டணும். இங்க பாருங்க, வலது பக்கம் வருது. இடது பக்கம் அப்படியே நிக்குது, அதுக்குப் போற நரம்பு வேலை செய்யல. நடுவுல சந்து விழுந்துருச்சு. அது வழியாத்தான் காத்து ஒழுகுது, தண்ணியும் உள்ள போகுது."

"ஏன் டாக்டர் இப்படி?" என்று பலவேசம் கேட்டான்.

"கழுத்துல தைராய்டு ஆபரேஷன் பண்ணும்போது நரம்பு அடிபட்டா வரும். மயக்கத்துக்குக் குழாய் போட்டு எடுத்தவங்களுக்கு வரும். பக்கவாதத்துல வரும். இவங்களுக்கு வந்த மாதிரி சளிக் காய்ச்சலுக்கு அப்புறமும் வரும். சில பேருக்குக் காரணமே தெரியாது." டாக்டர் தன் நெஞ்சில் விரல் வைத்துக் காட்டினார். "இடது பக்க நரம்பு நேரா தொண்டைக்கு வராதும்மா. நெஞ்சுக்குள்ள இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுத்திட்டு, திரும்பி மேல ஏறி வரும். அந்த வழியில கட்டி எதாவது இருந்து அமுக்குனாலும் இப்படி ஆகும். அதனால நெஞ்சு வரைக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

நரம்பு தானாகத் தேறக்கூடும், அரை வருஷமாவது பொறுத்துப் பார்க்கலாம், அதுவரை பயிற்சி செய்ய வேண்டும், வேண்டுமானால் அந்த நாணுக்குள் ஊசி போட்டு அதைக் கொஞ்சம் உப்ப வைத்தால் தற்காலிகமாகச் சந்து அடையும், ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் சின்ன ஆபரேஷன் இருக்கிறது என்றெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சந்தனமாரியின் காதில் கட்டி என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் விழுந்திருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நெஞ்சில் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பங்குனி பிறந்தும் மேல்காற்று வரவில்லை. உப்பு விளைய வெயில் மட்டும் போதாது, பாத்தி நீரைக் காற்று தடவிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில்லாத பாத்திகளில் நீர் செத்த மீன் கண்ணாகக் கிடந்தது. வார உப்பில்லாததால் வாருபலகைகள் கொட்டகையில் சாய்ந்து கிடந்தன, ஆண்கள் லாரியில் மூட்டை ஏற்ற வெளியூர் போனார்கள், பெண்கள் ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கி நீட்டினார்கள். அப்போதுதான் அள முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி, கருவாடு சந்தனமாரி வீட்டில் காய்கிற விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆட்டோ அனுப்பினார்.

வரப்பின்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே பெரிய குடை, காலுக்கு நனைத்த சாக்கு. "பேசு தாயி, ஒன் இஷ்டத்துக்குப் பேசு" என்றார் அண்ணாச்சி. என்ன பேச என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கே முதல் பாத்தியில் அலை ஓடியது. வரப்பில் நின்றவர்கள் சத்தமில்லாமல் கும்பிட்டார்கள்.

எதைப் பேசினால் காற்று நன்றாக வரும் என்று ஊர் கொஞ்ச நாள் ஆராய்ந்தது. பள்ளிக்கூடத்து சார் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார், அது புழுக்கமாக வந்தது. பேப்பர் படிக்கச் சொன்னார்கள், புழுதிதான் கிளம்பியது. அவளுடைய சொந்தக் கதையைச் சொன்னால் மட்டும் சீராக வந்தது. ஆகவே முறை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்து வரப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், கல்யாணத்துக்கு என்ன சேலை, பலவேசம் முதலில் என்ன பேசினான், இறந்து பிறந்த பிள்ளை யார் ஜாடை என்று. அதுவரை சந்தனமாரியிடம் உப்பு எத்தனை பெட்டி சுமந்தாய் என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சில நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பாத்திகளில் உப்பு பூத்தது, வெளியூர் போன ஆண்கள் திரும்பி வந்தார்கள், பலவேசம் வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற நடையே மாறிப்போனது.

ஒரு நாள் ஆறுமுகக்கனி வாஞ்சையாகத்தான் கேட்டாள், "டாக்டர் என்னதான் சொன்னா மைனி?"

சந்தனமாரி கட்டியைப் பற்றிச் சொன்னாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, முடிவு வரவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது, நான் செத்துப்போவேனோ என்று சொன்னாள். சொல்லச் சொல்ல மூச்சு படபடவென்று அடித்தது, அந்தப் படபடப்பில் ஒரு காற்று புறப்பட்டது பாருங்கள், பழைய மேல்காற்றே திரும்பி வந்த மாதிரி உடைமரங்களை வளைத்துக்கொண்டு அளத்தின் அந்தக் கோடி வரை போனது. மத்தியானத்துக்குள் பாத்திகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அண்ணாச்சி பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

ஸ்கேன் முடிவு வந்தது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, காய்ச்சலில் வந்த வினைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தனமாரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வரப்புக்கு வந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அதைச் சொன்னாள். அன்றைக்கு வந்த காற்றில் ஒரு கைக்குட்டைகூடக் காய்ந்திருக்காது.

"நல்லது தாயி, ரொம்ப நல்லது" என்றார் அண்ணாச்சி, பாத்தியைப் பார்த்துக்கொண்டு. மற்றவர்களும் நல்லது நல்லது என்றார்கள், சாவு வீட்டில் துஷ்டி கேட்கிற குரலில்.

மறுநாள் முதல் வரப்பில் வேறு விதமான பேச்சு கிளம்பியது. எட்டயபுரத்தில் ஒருத்தியின் பெரியம்மாவுக்கு ஸ்கேனில் ஒன்றுமே இல்லையாம், மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஸ்கேனுக்குத் தெரியாமல் எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற கட்டியும் உண்டாம். இடது பக்கம் போன மாதிரி வலது பக்கமும் ஒரு நாள் போய்விட்டால் இரண்டும் நடுவில் இறுகி மூச்சே அடைத்துவிடுமாமே, அப்படியா மைனி என்று கவலையோடு கேட்டார்கள். பனங்கற்கண்டு கொண்டுவந்தார்கள், இளநீர் சீவிக் கொடுத்தார்கள், தலையைக் கோதிவிட்டார்கள், கோதிக்கொண்டே அடுத்த கதையை ஆரம்பித்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வீட்டு உலைக்கு அந்தக் காற்று வேண்டியிருந்தது.

எதற்காகப் பயமுறுத்துகிறார்கள் என்பது சந்தனமாரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பயந்தாள். பயம் அப்படித்தான், செய்து கொடுத்தவர் யாரென்று தெரிந்தாலும் உள்ளே இறங்கிவிட்டால் நம்முடையதாகிவிடுகிறது. சித்திரை போய் வைகாசி வந்தது, உப்பு அம்பாரங்கள் குன்று குன்றாக ஏறின, அவள் கன்னங்கள் உள்ளே போயின.

ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கிற பெண் அவளுக்குச் சொல்லியிருந்தாள், சுவரைத் தள்ளிக்கொண்டு ஆ என்று சொல்ல வேண்டும், தண்ணீர் குடிக்கும்போது முகவாய் நாடியை நெஞ்சோடு தாழ்த்தித் தலையை இடது பக்கம் திருப்பி மடக்கு மடக்காக விழுங்க வேண்டும் என்று. சுவரைத் தள்ளுகிற சத்தம் கேட்டாலே ஆறுமுகக்கனி வந்துவிடுவாள். "எதுக்கு மைனி ஒடம்பப் போட்டு வருத்துதீங்க. இந்தக் கொரலே நல்லாத்தான இருக்கு, குயிலு கெட்டுது போங்க." ஊசிக்கு டாக்டர் நாள் குறித்தபோது, அண்ணாச்சி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் தாயி என்றார். அந்த அடுத்த மாதத்திலும் அதையே சொன்னார். பலவேசம் அண்ணாச்சி சொன்னதையே வீட்டில் மெதுவான குரலில் சொன்னான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆடி மாதத்து ஒரு மத்தியானம் வரப்பில் நல்ல கூட்டம். பேசிப் பேசித் தொண்டை வறண்டு சந்தனமாரி சொம்பைத் தூக்கினாள். நாடியைத் தாழ்த்தினாள், தலையைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டார்கள், "ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னா ஒனக்குத் தெரியுமா, இல்ல தெரியாமலே போயிருமா?"

நிமிர்ந்துவிட்டாள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனது.

இருமல் வரவில்லை. இருமுவதற்கு இரண்டு நாணும் சேர்ந்து இறுக மூடித் திறக்க வேண்டும், அவளுக்கு மூடாது. வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தாள், கண் வெளியே வந்தது, உதடு நாவற்பழமாகக் கறுத்தது, அவள் உடம்பு அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் பாடுபட்ட பாட்டில் ஒரு காற்று எழுந்தது, அந்த வருஷத்தில் மட்டுமல்ல எந்த வருஷத்திலும் முள்ளோடை பார்க்காத காற்று. குடை பிய்த்துக்கொண்டு பறந்தது. பாத்திக்குப் பாத்தி, கண் முன்னால், பால் உறைகிற மாதிரி உப்பு உறைந்துகொண்டே போனது. ஜனங்கள் அதைப் பார்த்து நின்றார்கள். கொஞ்ச நேரம்தான், ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்குமோ என்னவோ, ஆனால் மூச்சு இல்லாதவளுக்கு அது எவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பலவேசம் பாத்திக்குள் வாருபலகையோடு நின்றான். அவன் முதலில் உப்பைப் பார்த்தான். அப்புறம்தான் அவளைப் பார்த்தான். மங்கிக்கொண்டு வந்த கண்ணால் சந்தனமாரி அந்த வரிசையைப் பார்த்துவிட்டாள்.

பிறகு ஓடி வந்தார்கள், கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள், தண்ணீர் வெளியே வந்தது, உயிர் உள்ளே நின்றது. எல்லாரும் அழுதார்கள். அண்ணாச்சியும் அழுதார்.

அன்றைக்குச் சாயங்காலம் பலவேசம் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, புரையேறாதபடி கரண்டியால் ஊட்டினான். அவள் பாதியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க மொதல்ல உப்பத்தான் பாத்தீங்க."

சுவரில் காலண்டர் ஆடியது. அவன் கரண்டியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணணும். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

ஆவணியில் நாள் கிடைத்தது. பலவேசம் வந்தான். பஸ் ஆஸ்பத்திரியை நெருங்கும்போது, இத்தனை நேரமும் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்ததைத் துப்பினான்.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாத. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. கொஞ்சூண்டு சந்து விட்டு வைக்கட்டும். ஒனக்குப் பேச்சும் வரட்டும், ஊருக்குக் காத்தும் வரட்டும். பிள்ளைகுட்டிக்காரங்க எல்லாம் என்ன செய்வாங்க, சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அண்ணாச்சியின் வேன் ஏற்கெனவே நின்றது. ஆறுமுகக்கனி இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உளுந்துக்காரர்கள், கருவாட்டுக்காரர்கள், பள்ளிக்கூடத்து சார், எல்லாரும் எழுந்து நின்று, கைகூப்பி, அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவளையே பார்த்தார்கள். சந்தனமாரி அந்தக் கண்களுக்கு நடுவே நடந்துபோனாள். திரும்பிப் போய் இருக்கப்போவது அதே ஊரில்தான்.

இந்த ஆபரேஷனில் ஆளைத் தூங்க வைப்பதில்லை. கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, குரல்வளைக் குருத்தெலும்பில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, அது வழியாகச் சின்னத் துண்டு ஒன்றைச் சொருகி, அசையாமல் கிடக்கிற நாணை நடுவுக்குத் தள்ளி நிறுத்துவார்கள். எவ்வளவு தள்ளினால் சரி என்பது பேசிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வலிச்சா கையைத் தூக்குங்கம்மா. நான் கேக்கும்போது மட்டும் பேசுங்க" என்றார் டாக்டர் கிறிஸ்டில்டா. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டியிருந்தார்கள். கழுத்துக்குள் யாரோ தட்டுவதும் அழுத்துவதும் வலியில்லாமல் தெரிந்தது, வலியில்லாததே பயங்கரமாக இருந்தது.

"ம், இப்பப் பேசுங்க."

"டாக்டரம்மா" என்றாள். பச்சைத் துணி பாய்மரமாக உப்பியது. ஒரு நர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். "இப்ப?"

"டாக்டரம்மா." துணி லேசாக ஆடியது. அந்தச் சொல்லைச் சந்தனமாரியே கேட்டாள். கரகரத்திருந்தது, ஆனால் குரல். அவளுடைய குரல். மாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

"இது நல்லாவே இருக்கு. புரையேறுறதும் குறையும்" என்றார் டாக்டர். "இதோட நிறுத்திரலாமா, இன்னும் கொஞ்சம் தள்ளவா? நீங்க சொல்லுங்க, உங்க குரல்தானே."

துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு காற்று போதும், நாள் பூராவும் பேசினால் ஒன்றிரண்டு பாத்தியாவது விளையும், பலவேசம் முகம் மலரும், வேப்பமரத்தடியில் இட்லிப் பொட்டலம் பிரியும், அப்புறம் மறுபடியும் நாற்காலி, குடை, பனங்கற்கண்டு, எட்டயபுரத்துப் பெரியம்மா. இல்லையென்று சொன்னால் அத்தனை கண்களும் இவளைப் பார்க்கும், இன்றைக்கு, நாளைக்கு, சாகிற வரைக்கும். இரண்டில் எது அதிகப் பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே சொன்னாள்.

"முழுசா அடைச்சிருங்க."

டாக்டர் தள்ளினார். உள்ளே எதுவோ போய் எதோடோ ஒட்டியது.

"ம். இப்பச் சத்தமா ஏதாவது சொல்லுங்க. மனசுல என்ன வருதோ, அது."

மனதில் இருந்தது ஒன்றுதான். ஆறு மாதமாக ஊரே அதைக் கேட்டுக் கேட்டு வாங்கி, பாத்திக்குப் பாத்தி பரப்பி, உப்பாக வாரிக்கொண்டு போயிருந்தது. ஒருத்தரும் அதைக் காதால் கேட்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு!" என்றாள் சந்தனமாரி.

கணீரென்று இருந்தது. பச்சைத் துணி அசையவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஓர் இலையும் அசையவில்லை, அண்ணாச்சி வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பலவேசத்துக்கு மட்டும் அந்தக் குரல் இரண்டு கதவுகளையும் தாண்டி வந்து காதில் விழுந்தது. அவன் எழுந்தான், ஓடிப்போய்க் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, உள்ளே கேட்காது என்று தெரிந்தும், "இங்கனதான் நிக்கேன்ட்டி, இங்கனதான் நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.